லாக்புக்ல கையெழுத்து இருக்கு, பெட்சைட்ல ஆள் இல்ல: எம்பிபிஎஸ் பசங்கள நிஜ பேஷன்ட் கூட வச்சு யாராவது அசெஸ் பண்றீங்களா?

மெடிசின்_ஏபி

ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், இன்னைக்கு ட்யூட்டி ரூம்ல உக்காந்து ஃபோன்ல அடிக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. நான் ஒரு கவர்மென்ட் காலேஜ்ல ஜெனரல் மெடிசின் ஏபி, அதாவது அசிஸ்டென்ட் புரொஃபசர். எந்த ஊர்னு கேக்க வேணாம்.

போன வாரம் ஃபைனல் இயர் பையன் ஒருத்தன் கேஸ் பிரசன்ட் பண்ணான். நல்லா படிக்கிற பையன். ஹிஸ்டரி கோர்வையா வருது, நெகட்டிவ் ஹிஸ்டரி ஒண்ணு விடல, ஜெனரல் எக்ஸாமினேஷன் மணி மணியா சொல்றான். "ஜேவிபி நாட் எலிவேட்டட்"னான், கழுத்து ரத்தக்குழாய்ல அழுத்தம் ஏறலன்னு அர்த்தம், தலைப்பக்கத்த தூக்கி வச்சு பாக்கணும். எத்தனை டிகிரில வச்சு பாத்தேன்னு கேட்டேன். 45 சார்னு பட்டுனு பதில். அந்த பெட்டோட கிராங்க் உடைஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு, தலைப்பக்கம் ஒரு இஞ்ச் கூட தூக்க முடியாது. பேஷன்ட் அப்பவும் மல்லாக்க சமமாத்தான் படுத்திருக்காரு, நாங்க ரெண்டு பேரும் அவர் கால்மாட்டுல நின்னு 45 டிகிரி பத்தி பேசிட்டு இருக்கோம்.

திட்டணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்கு முன்னாடி அவன் லாக்புக்க வாங்கி பாத்தேன். கார்டியோவாஸ்குலர் எக்ஸாமினேஷன், ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட், ரேட்டிங் "எம்", அதாவது மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ், டிசிஷன் "சி", கம்ப்ளீட்டட். கையெழுத்து என்னோடது. எப்ப போட்டேன்னே ஞாபகம் இல்ல.

2019 பேட்ச்ல இருந்து சிபிஎம்இ, அதாவது திறமைய வச்சு சொல்லிக் குடுக்கற புது பாடத்திட்டம் வந்து லாக்புக், சர்ட்டிஃபையபிள் ஸ்கில், ஃபீட்பேக் கட்டம் எல்லாம் வந்தாச்சு. பேப்பர்ல பாத்தா நம்ம பசங்க எல்லாரும் எல்லாம் கம்ப்ளீட்டட். ஆனா ஒரு பையன் ஒரு பேஷன்ட்கிட்ட போயி நின்னு பேசி தொட்டு பாக்கறத ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் நான் எத்தனை தடவை நின்னு பாத்திருக்கேன்னு எண்ணினா, ஒரு கை விரல் போதும். மினி சிஇஎக்ஸ், அதாவது பையன் பேஷன்ட பாக்கறத கொஞ்ச நேரம் பக்கத்துல இருந்து பாத்து ஃபீட்பேக் சொல்றது (பேர சேத்து படிச்சுட்டு சிரிக்காதீங்க, ஃபேகல்டி டெவலப்மென்ட் புரோகிராம்லயே எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு) யாராவது எம்பிபிஎஸ் பசங்களுக்கு உண்மையிலேயே பண்றீங்களா? டிபார்ட்மென்ட் ஃபைலுக்காக இல்லாம?

தூக்கமில்லா_சிஆர்ஆர்ஐ

சார் நீங்க சொன்னதுக்கு மேல ஒரு வரி. நான் இப்போ சிஆர்ஆர்ஐ, அதான் ஹவுஸ் சர்ஜன். நாலரை வருஷத்துல நான் முழுசா ஒரு ஹிஸ்டரி எடுக்கறத எந்த ஸ்டாஃபும் நின்னு பாத்ததில்ல. ஒருத்தரும். பிரசன்ட் பண்ணும்போது கேப்பாங்க, கிழிப்பாங்க, அது வேற. அது நான் பேஷன்ட்கிட்ட என்ன பண்ணேங்கறதுக்கு மார்க் இல்ல, நான் அத எப்படி கதை சொல்றேங்கறதுக்கு மார்க். அதனால நாங்க கதை சொல்ல கத்துக்கிட்டோம். ஸ்ப்லீன் பால்பபிள், மண்ணீரல் கைக்கு தட்டுப்படுதுன்னு பிஜி சொல்லிட்டாருன்னா அப்புறம் அத தேடவே மாட்டோம், எத்தனை சென்டிமீட்டர்னு மட்டும் கேட்டு வச்சுக்குவோம்.

லாக்புக் சைன் வாங்கற அன்னைக்கு நடக்கறத பாக்கணும். போஸ்டிங் கடைசி நாள், டேபிள்ல முப்பது லாக்புக் அடுக்கி, பக்கத்தை திறந்து பேனாவ நடுவுல செருகி வச்சிருப்போம், சார் டீ குடிச்சுக்கிட்டே போட்டுட்டு போவாரு. ஃபீட்பேக் ரிசீவ்டுன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல நாங்களே இனிஷியல் போட்டுக்குவோம். என்ன ஃபீட்பேக்? "சீக்கிரம் எடுத்துட்டு போங்கப்பா"ங்கறதுதான்.

என்னை முதல்ல நின்னு பாத்து திருத்துனது யார் தெரியுமா, ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அக்கா. பிளட் எடுத்துட்டு நீடில உருவப் போறேன், "டாக்டர், முதல்ல டூர்னிகே"னாங்க, கையில கட்டின பட்டைய முதல்ல அவுக்கணும்னு. அவ்ளோதான், ரெண்டே வார்த்தை. இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவை கூட மறக்கல.

ஓய்வுபெற்ற_சர்ஜன்

இதுக்கெல்லாம் எதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு. எங்க காலத்துல சீஃப் பெட்டுக்கு பக்கத்துல நிப்பாரு, நாம ஹெர்னியா பாக்கணும், பேஷன்ட நிக்க வச்சு இருமச் சொல்லாம படுக்க வச்சு பாத்தா பின்னந்தலைல ஒண்ணு விழும். அதுதான் அசெஸ்மென்ட், அதுதான் ஃபீட்பேக். ஃபார்ம் இல்ல, ஒன்பது பாயின்ட் ஸ்கேல் இல்ல.

யூனிட்ல அப்போ பசங்க எட்டு பேரு பத்து பேருதான். இப்போ ஒரு பெட்ட சுத்தி இருபது பேர், பின்னாடி நிக்கறவன் ஃபோன் பாக்கறான், அவனுக்கு பேஷன்டோட முகமே தெரியாது. சீட்ட கூட்டிட்டே போனா எந்த ஃபார்மும் காப்பாத்தாது.

எக்ஸாமுக்கு வர்ற பேஷன்ட் கதை ஒண்ணு சொல்லாம போக மனசு வரல. மைட்ரல் ஸ்டெனோசிஸ், ஹார்ட் வால்வு சுருங்கின அம்மா ஒருத்தங்க வருஷா வருஷம் எங்க சென்டருக்கு வருவாங்க, படியும் சாப்பாடும் குடுப்பாங்க. எக்ஸ்டர்னல் அந்தப் பக்கம் திரும்பின உடனே பையன்கிட்ட மெதுவா சொல்லுவாங்க, "தம்பி, இடது பக்கம் திருப்பி படுக்க வச்சு கேளு, குழல்ல பெல் பக்கத்த வையி, நாட்டியம் ஆடற மாதிரி ஒரு சத்தம் வரும்". பாதி பேர பாஸ் பண்ண வச்சது அந்த அம்மாதான். எங்கள விட நல்ல டீச்சர்.

லீட்ஸ்_மதுரைக்காரன்

சர்ஜன் சார், பின்னந்தலை அடிய நான் மிஸ் பண்ணல, மன்னிக்கணும் 😀

ஆனா இந்த "நின்னு பாக்கறது" எப்படி ஃபார்மா மாறுச்சுங்கறது கொஞ்சம் சுவாரசியமான கதை. அமெரிக்கால இன்டர்னல் மெடிசின் போர்டு 1972ல பெட்சைட் ஓரல் எக்ஸாம நிறுத்திட்டாங்க, எக்ஸாமினருக்கு எக்ஸாமினர் மார்க் மாறுதுன்னு. அதுக்கு பதிலா ரெசிடென்ட், நம்ம ஊர் பிஜி மாதிரி, ஒரு புது பேஷன்ட முழுசா பாக்கறத ஒரு சீனியர் உக்காந்து பாக்கணும்னு வச்சாங்க, அதுதான் பழைய சிஇஎக்ஸ், கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் இழுக்கும். யார் உக்காருவாங்க? வருஷத்துக்கு ஒண்ணு நடந்தாலே பெருசு. அந்த ஒண்ணுல கிடைச்ச பேஷன்ட் ஹார்ட் கேஸா இருந்து நீங்க ஹார்ட்ல கில்லாடியா இருந்தா ராஜா, நியூரோவா இருந்தா காலி. ஒரு கேஸ்ல ஒருத்தன் எப்படி பண்றான்ங்கறத வச்சு அடுத்த கேஸ்ல எப்படி பண்ணுவான்னு சொல்லவே முடியாது, இதுதான் மொத்த விஷயத்துக்கும் ஆணிவேர்.

அதனால ஜான் நார்சினியும் கூட இருந்தவங்களும் அத சின்னதா நறுக்குனாங்க. 1995ல வந்த பேப்பர்ல 88 ரெசிடென்ட், நின்னு பாத்தவங்க 97 பேர், மொத்தம் 388 தடவை. ஓபியோ வார்டோ கேஷுவல்டியோ, எங்க வேலை நடக்குதோ அங்கேயே, ஒரு பதினஞ்சு இருபது நிமிஷம் பாரு, ஒரு வேலைய மட்டும் பாரு, முடிஞ்ச கையோட அஞ்சு நிமிஷம் பேசு. அடுத்த வாரம் வேற பேஷன்ட், வேற ஆள் பாக்கட்டும். ஏழு தலைப்பு: பேசி விவரம் வாங்கறது, தொட்டுப் பாக்கறது, மனுஷத்தன்மை, கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட், எடுத்துச் சொல்றது, ஒழுங்கா நேரத்துல முடிக்கறது, அப்புறம் மொத்தமா ஒண்ணு. 1ல இருந்து 3 தேறல, 4ல இருந்து 6 தேறிட்டான், 7ல இருந்து 9 பிரமாதம்.

இப்போ கசப்பான பாதி. இங்க யூகேல 2005ல ஃபவுண்டேஷன் புரோகிராம், அதாவது டிகிரி முடிச்ச உடனே ரெண்டு வருஷ ட்ரெய்னிங், வந்தப்போ மினி சிஇஎக்ஸ் கட்டாயம் ஆச்சு. கட்டாயம் ஆன உடனே என்ன ஆகும்னு தமிழ்நாட்டுக்காரனுக்கு சொல்லணுமா. போர்ட்ஃபோலியோ டெட்லைனுக்கு முந்தின ராத்திரி ஜூனியர் மெசேஜ் பண்ணுவான், "அன்னைக்கு அந்த நிமோனியா பேஷன்ட் ஞாபகம் இருக்கா, டிக்கெட் அனுப்பட்டுமா"ன்னு, அதான் ஃபார்ம நிரப்பச் சொல்ற ரிக்வெஸ்ட். நானும் அனுப்பியிருக்கேன். ஞாபகத்துல இருந்து அடிச்சு விடுவாங்க. அப்புறம் அவங்களே 2012 வாக்குல பேர மாத்தி, இது மார்க்குக்கு இல்ல கத்துக்கறதுக்குன்னு சொல்லிட்டாங்க. அந்த மாத்தம் சரிதான்னு எனக்கு தோணுது. மார்க் எடுத்த உடனே பாதி பொய் போயிடும்.

ஸ்டேஷன்_பெல்

எனக்கு இதுல உடன்பாடு இல்லங்க. நிஜ பேஷன்ட்னு எல்லாரும் ரொமான்டிக்கா பேசறீங்க. ஃபைனல் பிராக்டிகல்ல எனக்கு வந்த லாங் கேஸ் (முழுசா பாத்து பிரசன்ட் பண்ண வேண்டிய பேஷன்ட்) சிரோசிஸ் வித் அசைட்டிஸ், ஈரல் கெட்டு வயித்துல தண்ணி, கண்ண மூடிட்டு சொல்லலாம். என் ரூம்மேட்டுக்கு பேசவே முடியாத ஒரு ஸ்ட்ரோக் தாத்தா, அட்டெண்டர் கூட இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே மார்க் ஷீட். இது பரிட்சையா லாட்டரியா?

ஹார்டன் 1975ல ஆஸ்கிங்கற பிராக்டிகல் பரிட்சைய கொண்டு வந்ததே இந்த லாட்டரிக்கு எதிராத்தானே. எல்லாருக்கும் ஒரே ஸ்டேஷன், ஒரே செக்லிஸ்ட், பெல் அடிச்சா அடுத்தது. அதுக்கும் முன்னாடியே 1960கள்ல பாரோஸ்ங்கற நியூராலஜிஸ்ட் ஆளுங்களுக்கு நோயாளி மாதிரி நடிக்க சொல்லிக் குடுத்து வச்சாரு, எத்தனை பசங்க வந்தாலும் அதே கதை அதே வலி. நிஜ பேஷன்ட் காலைல பத்து மணிக்கு சொல்ற ஹிஸ்டரி வேற, பதினொன்றரைக்கு பசியில சொல்றது வேற.

லீட்ஸ்_மதுரைக்காரன்

பரிட்சைக்கு ஆஸ்கி நல்லது, மறுக்கல. ஆனா அதுவும் காசு. அமெரிக்க லைசென்ஸ் பரிட்சையோட ஒரு பகுதி, யுஎஸ்எம்எல்இ ஸ்டெப் 2 சிஎஸ், 2004ல இருந்து நடிகர்கள வச்சு நடந்துச்சு, மொத்த நாட்டுக்கும் அஞ்சு சென்டர், ஃபீஸ் மட்டும் ஆயிரம் டாலருக்கு மேல, நம்ம பசங்க பிளேன் டிக்கெட் தனி. 2020 மார்ச்ல கொரோனாவால நிறுத்தி 2021 ஜனவரில மூடியே விட்டாங்க. யூகே மெடிசின் பரிட்சை எம்ஆர்சிபியோட பிராக்டிகல், பேசஸ் பாருங்க, 2001ல இருந்து இன்னைக்கு வரைக்கும் நெஞ்சு, வயிறு, நரம்பு ஸ்டேஷனுக்கு நிஜ பேஷன்ட்தான். மர்மர், அந்த ஹார்ட் சத்தத்த நடிக்க முடியாதே.

மெடிசின்_ஏபி

ஸ்டேஷன்_பெல், நீங்க சொல்ற அநியாயம் உண்மை, நான் எக்ஸாமினரா உக்காந்தும் பாத்திருக்கேன். ஆனா நான் கேக்கறது ஃபைனல் எக்ஸாம் பத்தி இல்ல. மில்லர் 1990ல போட்ட பிரமிட்ல மேல ரெண்டு படி இருக்குல்ல, செஞ்சு காட்டுறது, அதுக்கு மேல தினசரி வேலையில செய்யறது. ஆஸ்கில பையன் கைய கழுவுவான், செக்லிஸ்ட்ல இருக்கு. அதே பையன் ஃபீமேல் வார்டுல ஸ்க்ரீன் போடாம சேலைக்கு மேலயே ஸ்டெத்த வச்சு "பைலேட்டரல் ஏர் என்ட்ரி ஈக்வல்", ரெண்டு பக்கமும் காத்து சமமா போகுதுன்னு எழுதறான். அந்த ரெண்டாவது பையன யார் பாக்கறது?

அம்மாவோட_பொண்ணு

நான் டாக்டர் இல்ல, கூகுள்ல வேற ஏதோ தேடி இங்க வந்துட்டேன். எழுதலாமான்னு தெரியல.

எங்கம்மா போன வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரில பதினாறு நாள் இருந்தாங்க, ஈரல் பிரச்சனை. காலைல கூட்டமா பசங்க வருவாங்க. ஒரே நாள்ல பதினோரு பேர் வயித்த அமுக்கினாங்க, நான் எண்ணினேன், ஏன்னா எங்கம்மா ஒவ்வொரு தடவையும் என் கைய புடிச்சுக்குவாங்க. பாதி பேர் பேர் கூட சொல்லல. கோவம் இல்ல, படிக்கற புள்ளைங்கன்னு அம்மாவே சொல்லுவாங்க. ஒரு பொண்ணு மட்டும் வந்து ரெண்டு கையையும் தேச்சு சூடு பண்ணிட்டு, "அம்மா எங்க வலிக்குதோ அத கடைசியா தொடறேன், வலிச்சா சொல்லுங்க நிறுத்திடறேன்"னு சொல்லிட்டு, வயித்த பாக்காம எங்கம்மா முகத்தையே பாத்துட்டு அமுக்குச்சு. அந்தப் பொண்ணு மறுநாள் வரலேன்னு எங்கம்மா தேடுனாங்க.

நீங்கல்லாம் மார்க் போடறத பத்தி பேசறீங்க. எங்கம்மாகிட்ட யாராவது கேட்டிருந்தா அந்தப் பொண்ணுக்கு நூத்துக்கு நூறு போட்டிருப்பாங்க. பேஷன்ட்கிட்ட கேக்கற வழக்கமே கிடையாதா?

தூக்கமில்லா_சிஆர்ஆர்ஐ

அக்கா, நீங்க எழுதினது நல்லதுதான். கேக்கற வழக்கம் இல்ல, நான் படிச்ச எடத்துல இல்ல. அந்தப் பதினோரு பேர்ல நானும் ஒருத்தனா இருந்திருப்பேன், அந்த ஆஸ்பத்திரி இல்லேன்னாலும் வேற ஏதாவது ஒண்ணுல. முகத்த பாத்து அமுக்கணும்ங்கறது புக்ல முதல் வரி. ஆனா நாம வயித்தையே பாத்துட்டு இருக்கறத பாத்து சொல்றதுக்கு பக்கத்துல ஒரு ஆள் வேணும்ல.

ஆல்_இண்டியா_கோட்டா

என் தமிழ் தப்பு இருந்தா ஸாரி, அஞ்சு வருஷம் முன்னாடி எனக்கு வணக்கம் மட்டும் தெரியும். 15 சதவீதம் ஆல் இண்டியா கோட்டால வேற ஸ்டேட்ல இருந்து வந்தவள். தேர்ட் இயர்ல ஒரு ஆயா "மயக்கமா வருது"ன்னு சொன்னாங்க. நான் ஃபிரெண்ட்கிட்ட கேட்டேன், மயக்கம்னா லாஸ் ஆஃப் கான்ஷியஸ்னஸ்னு சொன்னா. அப்படியே எழுதினேன், சின்கோப்பி (நெனவு தப்பி விழறது) ரெண்டு வாரமா, தினமும் நாலு தடவை. பிரசன்ட் பண்ணேன், டிஸ்கஷன் முழுக்க ஹார்ட் பிளாக் பத்தி போச்சு, நல்லா சொன்னேன்னு சார் சொன்னாரு. அப்புறம் பிஜி அக்கா என்னை திரும்ப பெட்டுக்கு கூட்டிட்டு போயி, என் முன்னாடியே கேட்டாங்க, "ஆயா, கீழ விழுந்தீங்களா? நெனவு தப்புச்சா?" ஆயா சிரிச்சாங்க. "நெனவெல்லாம் இருக்கு கண்ணு, எந்திரிச்சா கிறுகிறுன்னு வரும், செவுத்த புடிச்சுக்குவேன்." பிபி மாத்திரை டோஸ் அதிகம், அவ்ளோதான்.

பிரசன்டேஷன்ல இத யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. நான் கேட்டது சரி, எழுதினது தப்பு, நடுவுல என்ன ஆச்சுன்னு பாக்க ஆள் பக்கத்துல இருக்கணும்.

யாழ்_வைத்தியர்

தங்கச்சி, உங்கட கதை எங்களுக்கும் நல்லாப் பொருந்தும். யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில சிங்களப் பிள்ளைகளும் படிக்கினம், வார்ட்ல ஆக்கள் அநேகமாத் தமிழ். அம்மம்மா ஒராள் "எனக்கு முட்டு, நாரி நோகுது, கன நாளா வருத்தம்" எண்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? இந்தியாவில இருந்து வாற தமிழ் டொக்டருக்கே விளங்காது, வருத்தம் எண்டால் கவலை எண்டு எழுதிப்போடுவினம். இஞ்ச அது நோய். முட்டு இழுப்பு, நாரி இடுப்பு.

எங்கட கன்சல்டன்ட் ஒருத்தர் கிழமைக்கு ஒருக்கா ஒரு பிள்ளையைப் பிடிப்பார். நோட்டீஸ் இல்லை, ஃபார்ம் இல்லை. கதிரையை இழுத்துப் போட்டு பேசாமல் இருப்பார், வாய் திறக்க மாட்டார், அதுதான் பயம். முடிய வெளிய கூட்டிக்கொண்டு போய் ஒரேயொரு விசயம் மட்டும் சொல்லுவார். எனக்குச் சொன்னது, "நீர் மூண்டு தரம் நேரம் பாத்தனீர், ஐயா ரெண்டு தரம் கண்டவர்". அதுக்குப் பிறகு வார்ட்டுக்குள்ள நான் மணிக்கூடு கட்டுறதில்லை.

ஓய்வுபெற்ற_சர்ஜன்

இத படிச்சதும் பின்னந்தலை அடிய நான் கொஞ்சம் வாபஸ் வாங்கிக்கறேன். கொஞ்சம்தான்.

ஆனா ஒண்ணு. பாக்கறதோட நிக்கக் கூடாது, ஃபெயில் போடவும் தெரியணும். முப்பது வருஷத்துல தேறலன்னு போட்ட ஏபிய விரல் விட்டு எண்ணலாம், இப்போ லாக்புக்ல அதுக்கு "பி", அதான் பிலோ. போட்டா அடுத்த நாள் ஹெச்ஓடி கூப்பிடுவாரு, ஏம்பா, ரெமீடியல் யார் எடுக்கறதுன்னு.

மெடிசின்_ஏபி

மூணு வாரம் கழிச்சு வர்றேன், இழை உயிரோட இருக்கறதே ஆச்சரியம்.

ஆரம்பிச்சுட்டேன். எங்க யூனிட்டோட ஓபி நாள் விட்டுட்டு மத்த நாள்ல ஒரு நாளைக்கு ஒரு பையன், இல்ல ஒரு பொண்ணு, பதினஞ்சு நிமிஷம். ஸ்டூல் போட்டு உக்காந்துக்கறேன், வாய் திறக்கறதில்ல (நன்றி யாழ் வைத்தியரே, இது செம கஷ்டம், முதல் நாள் நாலாவது நிமிஷமே வாய விட்டுட்டேன்). ஒரு வேலை மட்டும்: ஒருத்தனுக்கு நெஞ்சுவலி ஹிஸ்டரி, ஒருத்தனுக்கு வயித்த பாக்கறது, ஒருத்தனுக்கு இன்சுலின் எப்படி போட்டுக்கணும்னு சொல்லிக் குடுக்கறது. மார்க் இல்லன்னு முதல்லயே சொல்லிட்டேன். முடிஞ்ச பிறகு பேஷன்ட்கிட்ட ஒரு கேள்வி, புள்ள எப்படி பாத்துச்சு? எல்லாரும் "நல்லா பாத்துச்சு சார்"னுதான் சொல்றாங்க, எங்க குறை சொன்னா புள்ள ஃபெயிலாயிடுமோன்னு பயம். ஒரே ஒரு தாத்தா மட்டும் "நான் பேசி முடிக்கறதுக்குள்ள அடுத்த கேள்வி கேக்குது"ன்னாரு. அந்தப் பையன் முகம் போன போக்கு இருக்கே, நான் ஒரு மணி நேரம் கத்தியிருந்தாலும் அப்படி ஆகியிருக்காது.

இதுவரைக்கும் பதிமூணு பேர். எனக்கே அதிர்ச்சியானது என்னன்னா, பதிமூணு பேருக்கும் தியரி தெரியுது. ஸ்ப்லீன எங்க இருந்து தேட ஆரம்பிக்கணும்னு கேட்டா வலது இலியாக் ஃபாசா, அதாவது வலது அடிவயிறுன்னு தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவாங்க. கைய வைக்கும்போது அஞ்சு பேர் இடது விலாவுக்கு அடியில நேரா வச்சாங்க. அதுல ரெண்டு பேருக்கு "எம்" போட்டு நான்தான் கையெழுத்து போட்டிருக்கேன்.

முப்பது பேருக்கு ஒரு ரவுண்டு வரவே ரெண்டு மாசம் ஆகும், போஸ்டிங் அதுக்குள்ள முடிஞ்சுடும், கணக்கு உதைக்குது. பிஜிங்க ரெண்டு பேர் பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க. சர்ஜன் சார், ஒருத்தனுக்கு லாக்புக்ல "பி" போட்டேன், ரெமீடியலும் நானே எடுத்துட்டேன், ஹெச்ஓடி இன்னும் கூப்பிடல.

தூக்கமில்லா_சிஆர்ஆர்ஐ

சார் அந்த ஜேவிபி பையன் என்ன ஆனான்?

மெடிசின்_ஏபி

அவன்தான் முதல் ஆள். அதே வார்டு, அதே பெட், வேற பேஷன்ட். கிராங்க்க சுத்திப் பாத்தான், வரல. என்னைத் திரும்பிப் பாத்தான், நான் ஒண்ணும் சொல்லல. அட்டெண்டர் அம்மாகிட்ட கேட்டு அவங்க துணிமூட்டைய வாங்கி, தலகாணிக்கு அடியில குடுத்து, ஃபோன்ல ஆங்கிள் ஆப் போட்டு செக் பண்ணான். 40 டிகிரிதான் வருது சார்னான். பரவால்ல, பாருன்னேன்.

புது கிராங்க் வேணும்னு இன்டென்ட் எழுதிப் போட்டிருக்கேன். இன்னும் வரல.